‘மறுகா நான்’: நடக்க ஏலாத பிள்ளையும் சேர்ந்து விளையாட

விளையாட்டில் கணக்கில் சேராத பிள்ளைக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. அந்தப் பிள்ளை ஆட்டத்துக்குள் நிற்கும். ஆனால் அது யாரையும் தொட்டாலும் அவுட் இல்லை, அதை யாரும் தொட்டாலும் அவுட் இல்லை. சின்ன வயதில் நானும் எத்தனையோ பேரை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் நடக்க ஏலாத ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்பது, என் மகளைக் கோயில் வீதியில் மற்றப் பிள்ளைகளோடு விட்ட நாளில்தான் எனக்கு உறைத்தது.

மகளுக்கு இப்போது 11 வயது. பெருமூளை வாதம். இரண்டு காலும் வலக்கையும் இறுக்கம். இடக்கை ஓரளவு சொல் கேட்கும். பேச்சு தெளிவில்லை. வெளியாட்களுக்கும் விளங்கும்படி அவள் சொல்லும் ஒரே சொல் ‘மறுகா’. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ‘பிறகு’ என்பதற்கு அப்படித்தான் சொல்லுவோம். தம்பிக்காரன் பந்தடித்து முடியும் நேரம் அவள் ‘மறுகா’ என்றால், ‘மறுகா நான்’ என்று அர்த்தம். அந்த முறை அவளுக்கு உண்மையாகவே வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. களுவாஞ்சிகுடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பிசியோதெரபி செய்யும் மிஸ் ஒருவர் சொல்லித் தந்ததும், கடையில் கிடந்த பழைய ரியூப், றிம், குழாய்களை வைத்து நானே செய்து பார்த்ததும்தான் இதில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் இறுக்கம் வேறு மாதிரி இருக்கலாம். வலிப்பு வருகிற பிள்ளை, விழுங்கக் கஷ்டப்படுகிற பிள்ளை என்றால் எதையும் தொடங்கும் முன் கிளினிக்கில் ஒரு சொல் கேளுங்கள்.

முதலில் இருப்பைச் சரி செய்யுங்கள்

இதை நான் மூன்று வருடம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன். மகள் விழாமல் இருப்பதற்கே முழுப் பலத்தையும் செலவழித்தால், கை விளையாட வராது. இடுப்பு கதிரையின் முதுகோடு முட்ட வேண்டும். பட்டி வயிற்றில் இல்லாமல் இடுப்புக்குக் குறுக்கே, தொடை மடியும் இடத்தில் வர வேண்டும். முழங்கால் மடிந்து, பாதம் இரண்டும் எதன் மேலாவது பதிந்திருக்க வேண்டும். கால் தொங்கினால் உடம்பு முழுவதும் விறைக்கும். மகளின் சக்கர நாற்காலியில் கால் வைக்கும் தட்டு எட்டவில்லை, அதனால் ஒரு பலகைத் துண்டை வைத்து ரியூப்பால் இறுக்கிக் கட்டினேன். அன்றைக்கே அவள் இடக்கையால் கோப்பையைப் பிடித்தாள்.

மடிக்கு மேல் ஒரு தட்டுப்பலகை வேண்டும். முழங்கை மடியும் உயரத்தில் இருந்தால் போதும். விளிம்பில் ஓர் அங்குல உயரத்துக்குச் சட்டம் அடியுங்கள், விளையாட்டுச் சாமான் உருண்டு விழாது. ஒவ்வொரு தரமும் விழுவதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் அலுத்துப் போவது பிள்ளை இல்லை, நாம்தான்.

இறுகிய கையை விரலைப் பிடித்து இழுத்துப் பிரிக்காதீர்கள். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெதுவாக மடித்தால் விரல்கள் தாமாக இளகும். பிடிக்க வேண்டிய பொருளை மொத்தமாக்குங்கள். கரண்டி, பென்சில், துடுப்பாட்ட மட்டை எதுவானாலும் கைப்பிடியில் பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றினால் வழுக்காது. சைக்கிள் ஹாண்டிலின் ரப்பர்ப் பிடியையே மகளின் வர்ணத் தூரிகைக்கு மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. பயிற்சி வேறு, விளையாட்டு வேறு. நாங்கள் கொஞ்சக் காலம் எல்லா விளையாட்டையும் பயிற்சியாக்கி வைத்திருந்தோம். ‘கையை நீட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று பந்தைத் தள்ளித் தள்ளி வைப்போம். அவள் பந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். இப்போது பயிற்சி காலையில், அம்மாவோடு, இருபது நிமிடம். மாலை நாலரைக்குப் பிறகு வெயில் தாழ்ந்ததும் விளையாட்டு. அதில் எங்கள் நோக்கம் எதுவும் கிடையாது.

காத்திருக்கப் பழகுங்கள்

ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நான் முதலில் மூன்றில் பொறுமை இழந்து நானே பதில் சொல்லிவிடுவேன். மகளுக்குக் கேள்வி விளங்க நேரம் எடுப்பதில்லை. உடம்பை அந்தப் பதிலுக்குத் தயார் செய்யத்தான் நேரம் எடுக்கிறது. பரபரப்பானால் இறுக்கமும் கூடும். ‘கெதியா, கெதியா’ என்று சுற்றி நின்று கத்தினால் கை நகராது.

பேச வராத பிள்ளைக்கு இரண்டு பொருளைக் காட்டிக் கேளுங்கள். வலக்கையில் சோழி, இடக்கையில் பந்து. எதைப் பார்க்கிறதோ அதுதான் பதில். பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தோம். பெரியவர்களை விட அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தை மாற்றுவது

பிள்ளையை ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, ஆட்டத்தைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றலாம். நம்முடைய விளையாட்டுகளுக்குச் சட்டப் புத்தகம் எதுவும் இல்லை. கோடு தாண்டி ஓடுகிறவர்களைக் கோட்டில் நிற்பவர்கள் தொடுகிற கிளித்தட்டுக்கு எங்கள் ஊரில் ஒரு விதி, கல்முனையில் ஒரு விதி. அதனால் இன்னொரு விதி போட யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

தொடங்க நல்லது கீச்சுமாச்சுத் தம்பளம். எழும்பி ஓட வேண்டியதில்லை, மணலும் ஒரு சின்னத் தடியும் போதும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்தி முடியும் வரை பிள்ளைகள் எல்லோரும் கோயில் மணலில்தான் கிடப்பார்கள். அங்கேதான் மகள் முதன்முதலாக ஆடினாள். மணலை நீளமாக வரம்பு போல் குவித்து, ஒருவர் இரு கையாலும் அளைந்து உள்ளே தடியை ஒளிப்பார். மற்றவர் கைகளைக் கோத்து, தடி இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் பொத்திப் பிடிக்க வேண்டும். பிழைத்தால் அவர் தோல்வி. தோற்றவரின் இரு கையிலும் மணலை அள்ளி வைத்து, அதில் தடியைக் குத்தி, கண்ணைப் பொத்தி எங்கேயோ கூட்டிப்போய்க் கொட்டச் செய்து, சுற்றிச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கொட்டின இடத்தை அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

மகளால் கை கோக்க முடியாது. அதனால் பிள்ளைகள் ஒரு விதி போட்டார்கள்: அவள் இடக்கையைப் போடுவாள், மச்சாளின் மகன் ஒரு சிரட்டையை அந்த இடத்திலேயே கவிழ்ப்பான். சிரட்டைக்குள் தடி இருந்தால் அவளுக்கு வெற்றி. ஒளிப்பது அவள் முறை என்றால் மணலைத் தட்டுப்பலகையில் கொட்டிக் கொடுப்பார்கள், அவள் துணியால் மூடிக்கொண்டு ஒளிப்பாள். அவசரப்படுத்தக் கூடாது என்பதும் விதி. இதில் ஒன்றைக் கூட நான் சொல்லவில்லை. ‘இதில அக்கா எப்படி விளையாடலாம்?’ என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றேன், அவ்வளவுதான்.

ஆனால் முதல் நாலைந்து நாள் அவளை யாரும் தோற்க விடவில்லை. சிரட்டையை மெல்ல நகர்த்தித் தடி இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் பக்கத்தில் நின்று ‘பாவம் பிள்ள, வெல்லட்டும்’ என்று சொன்னதன் விளைவு அது. மகளுக்கு அது விளங்கிவிட்டது. சிரிக்காமல் இருந்தாள். ஆறாவது நாள் தம்பிக்காரன்தான் சிரட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: ‘அக்கா பிழை. தடி இங்கால கிடக்கு.’ ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மடியில் சிரட்டை நிறைய மணலை வைத்து, கண்ணைப் பொத்தி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கோயில் கிணற்றடி வரைக்கும் போனார்கள். மூன்று தரம் சுற்றினார்கள். மகள் கத்திய கத்தலில் பூசை பார்க்க வந்த சனம் திரும்பிப் பார்த்தது. பயத்தில் கத்துகிறாள் என்று அவளுடைய அம்மா ஓடி வந்தாள். பயம் இல்லை. கொட்டின இடத்தைக் கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது, தோற்றுத்தான் போனாள், வீட்டுக்கு வரும் வழியில் அழுதாள். அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கே ‘மறுகா, மறுகா’ என்று தொடங்கிவிட்டாள்.

அதனால் என் முதல் விதி: அவுட் ஆக முடியாத பிள்ளை விளையாடவில்லை. உதவியைக் கூட்டுங்கள், தூரத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். தோல்வியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கிளித்தட்டில் மகள் கடைசிக் கோட்டில் நிற்கிறாள். அந்தப் பக்கம் நிலம் இறுகல், சக்கரம் உருளும். நாற்காலியைத் தள்ள ஓர் ஆள். கை எட்டாததற்கு, நாலடி நீள மெல்லிய குழாய்க்குப் பழஞ்சீலை சுற்றிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் குழாய் பட்டால் கை பட்டது மாதிரி. தள்ளுபவர் வாயைத் திறக்கக் கூடாது, ‘வலது’, ‘இடது’ என்று மகள் கண்ணாலும் தலையாலும் காட்டும் பக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த ‘தள்ளுபவர் தன் மூளையைப் பாவிக்கக் கூடாது’ என்ற விஷயம் பெரிது. போச்சியா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கை கால் கடுமையாக இறுகியவர்களுக்காகவே வளர்ந்தது, 1984 முதல் பராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, ஒரு பக்கம் ஆறு சிவப்பும் மறுபக்கம் ஆறு நீலமுமாக, யாருடைய பந்து வெள்ளைக்குக் கிட்டப் போகிறது என்பதுதான் ஆட்டம். எறிய முடியாதவர்கள் ஒரு சரிவுப் பீலி வைத்து உருட்டலாம். அந்தப் பீலியை நகர்த்திக் கொடுக்கும் உதவியாள் ஆடுகளத்துக்கு முதுகு காட்டியே இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. உலகப் போட்டியிலேயே அப்படி. இதை அறிந்த நாளில் இருந்து நானும் மகளுக்குப் பீலி பிடிக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறேன்.

பீலி செய்வது லேசு. நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஐந்தடித் துண்டு எடுத்து, வாளால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விளிம்பை அரத்தாளால் தேயுங்கள். மேல் முனையைத் தட்டுப்பலகையில் ரியூப்பால் கட்டுங்கள், கீழ் முனை நிலத்தைத் தொடட்டும். பந்துக்குப் பழைய காலுறையில் கழுவிக் காயவைத்த மணலை நிரப்பி உருண்டையாகத் தைத்து, சிவப்பு, நீலச் சீலை போர்த்துங்கள். இறப்பர்ப் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், மணல் பந்து போன இடத்தில் நிற்கும். சிமெந்து விறாந்தையில் நல்ல ஆட்டம். எங்கள் வீட்டில் அப்பப்பாவும் முழங்கால் வலியோடு கதிரையில் இருந்தபடியே ஆடுகிறார். மகளிடம் அடிக்கடி தோற்கிறார், அது விட்டுக் கொடுப்பதால் இல்லை.

அதே பீலி கிரிக்கெட்டுக்கும் உதவும். டெனிஸ் பந்தை அதில் விட்டால் மகள் பந்து வீசுகிறாள். அவள் துடுப்பெடுத்தால் ஓடுவதற்கு வேறு ஆள். அந்த ஆள் ரன் அவுட் ஆனால் மகள் அவுட்.

கூட விளையாட வருவது கண் தெரியாத பிள்ளை என்றால் பந்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள், சரசரப்புக் கேட்கும். இன்னும் நல்லது, சின்ன பிளாஸ்ரிக் போத்தலில் நாலைந்து சைக்கிள் குண்டு போட்டு மூடியை ஒட்டிவிட்டு உருட்டுவது. பார்வையற்றோர் கிரிக்கெட்டிலும் உள்ளே குண்டு போட்ட பந்தைத்தான் கீழ்க்கையால் வீசுகிறார்கள். காது கேளாத பிள்ளைக்கு விசில் வேண்டாம், சிவப்புத் துணியை உயர்த்துங்கள். சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைக்கு ஆட்டம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை முன்னரே சொல்லுங்கள். எழும்பிப் போய் இருக்க ஒரு நிழலான மூலையும் வையுங்கள், திரும்பி வந்தால் ஏன் போனாய் என்று கேட்காதீர்கள்.

சித்திரைக்கு எல்லா வளவிலும் ஊஞ்சல் கட்டுவார்கள். பலகை ஊஞ்சலில் மகளால் இருக்க முடியாது. கைபிடி உள்ள பிளாஸ்ரிக் கதிரையின் கால்களை வெட்டி, அடியில் குறுக்கே இரண்டு பலகை வைத்து, பலகையின் நாலு முனையிலும் கயிறு கட்டினேன். கயிற்றைக் கதிரையில் துளையிட்டுக் கட்டாதீர்கள், பிளாஸ்ரிக் பிளந்துவிடும். முதலில் பிள்ளையை விடப் பாரமான அரிசி மூடையை வைத்து ஆட்டிப் பாருங்கள். இடுப்புப் பட்டி கட்டாயம்.

வீட்டுக்குள்

மகனுக்கு 8 வயது. ‘அக்காவைப் பார்த்துக்கொள்’ என்று நாங்கள் நூறு தரம் சொல்லியிருப்போம். ஒருநாள் அவன், ‘நான் விளையாடப் போறதா, அக்காவைப் பார்க்கப் போறதா?’ என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டான். அதற்குப் பிறகு செவ்வாயும் சனியும் பின்னேரம் அவன் தனியாகப் போவான், மகள் என்னோடு கடையில் இருப்பாள். ரயர் கழற்றிய பிறகு ரியூப்பைத் தண்ணீர் வாளியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் காட்டுவது அவள் வேலை. ஓட்டை கண்டுபிடிப்பதில் அவளுக்கு என்னை விடக் கண் கூர்மை.

‘யார் செய்த பாவமோ’ என்று சொல்ல ஒவ்வொரு சொந்தத்திலும் ஓர் ஆள் இருப்பார். எங்களுக்கும் இருந்தார். இது பாவமும் இல்லை, சாபமும் இல்லை, தொற்றும் இல்லை. வளரும் மூளைக்குப் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்சக் காலத்திலோ ஏற்பட்ட பாதிப்பு. அந்தப் பாதிப்பு கூடிக்கொண்டு போவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளர இறுகிய தசை எலும்பை இழுக்கும், அதனால்தான் கிளினிக்கை விடக் கூடாது. இதைப் பிள்ளைக்கு முன்னால், பிள்ளைக்கும் கேட்கும்படி, அமைதியாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. மகளுக்கு விளங்கும்.

மற்றப் பிள்ளைகள் ‘அக்காவுக்கு ஏன் கால் ஏலாது?’ என்று கேட்டால் அடக்காதீர்கள். ‘மூளை காலுக்குச் சொல்லி அனுப்புறது சரியாப் போய்ச் சேருதில்லை’ என்று சொன்னேன். ‘சரி’ என்றுவிட்டு விளையாடப் போனார்கள்.

பாடசாலையில்

இது எனக்கு ஆறாத ஒன்று. ஒரு வருடம் இல்ல விளையாட்டுப் போட்டியில் மகளைப் பந்தலுக்குள் இருத்தி, வெற்றி பெற்ற பிள்ளைகளுக்குப் பதக்கத் தட்டைப் பிடிக்க வைத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். அவளுக்கும் நீல இல்லத்தின் ரீ-சேர்ட் போட்டிருந்தார்கள். ஆனால் அவளுடைய பெயருக்கு ஒரு நிகழ்ச்சியும் இல்லை.

நீங்கள் போய்க் கேட்கும்போது போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே போங்கள். நிகழ்ச்சி அட்டவணை அச்சாகிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய ஏலாது. வெறுங்கையோடு போகாமல் ஒரு யோசனையோடு போங்கள். நான் பீலியையும் ஆறு பந்தையும் கொண்டுபோனேன். இருந்தபடி பந்து உருட்டும் போட்டி, ஒவ்வோர் இல்லத்திலும் நாலு பேர், அதில் யாரும் சேரலாம், எல்லோரும் கதிரையில்தான் இருக்க வேண்டும், புள்ளி இல்லக் கணக்கில் சேரும். கடைசிச் சொல்தான் முக்கியம். புள்ளி சேராவிட்டால் அது திரும்பவும் ஒப்புக்குச் சப்பாணி. தேவைப்பட்டால் பணிவாகச் சொல்லலாம்: விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை மற்றவர்களோடு சமமாக, பாடசாலையிலும் விளையாட வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. அதை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எனக்கு அதைச் சொல்லத் தேவை வரவில்லை. அதிபர் பந்தை உருட்டிப் பார்த்தார், சம்மதித்தார். நீல இல்லம் மூன்றாம் இடம்.

மணலும் கடலும்

எங்கள் எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பக்கம், முழுவதும் மணல், முன்சக்கரம் புதையும். நாற்காலியை முன்னுக்குத் தள்ளாமல், பின்பக்கம் கொஞ்சம் சரித்து முன்சக்கரத்தைத் தூக்கி, பின்னோக்கி இழுங்கள். கொஞ்சத் தூரத்துக்குத் தென்னோலைக் கிடுகு இரண்டு போதும், தாண்டிய கிடுகைத் தூக்கி முன்னுக்குப் போட்டுக்கொண்டே போகலாம். காற்றடைக்கும் ரயர் என்றால் மணலுக்குக் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், வீதிக்கு வந்ததும் திரும்ப அடியுங்கள்.

கடலுக்கு வாடைக் காற்றுக் காலத்தில் கொண்டுபோக வேண்டாம். சித்திரைக்குப் பிறகு கடல் ஆறும். அலை வந்து திரும்பும் ஈர மணல் இறுகலாக இருக்கும், அதன் மேல் சக்கரம் நன்றாக உருளும். ஆழம் பயம் என்றால் பாசிக்குடா நல்லது, வெகு தூரத்துக்கு இடுப்பளவுதான். தண்ணீரில் பிள்ளையோடு எப்போதும் ஒரு பெரியவர் கை தொடும் தூரத்தில் இருக்க வேண்டும், நாற்காலியோடு கட்டியபடி தண்ணீருக்குள் இறக்கவே கூடாது.

திரும்பி வந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டும் அதே நேரம் நாற்காலியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடுத்த நாளைக்கு என்று வைத்தால் உப்பு பெயாரிங்கைத் தின்றுவிடும். துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, சக்கர அச்சுக்கும் முன்சக்கரத் தண்டுக்கும் கிறீஸ் பூசுங்கள். பிரேக்கை இறுக்கிப் பார்த்து, ரயரில் காற்றையும் சரிபார்த்து, பின்னேரம் நாலரைக்குத் தயாராக வாசலில் விட்டுவையுங்கள்.